மாறியது எது?

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியோர். கணினி வந்த பிறகு இந்தப் பழமொழிக்கு வேலை குறைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறோம். "மெஷினே சொல்லிவிட்டது" என்றால் அதற்கு மேல் மறுபேச்சு இல்லை. கணினி பொய் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாம் கேட்க நினைத்தது ஒன்று, அது விடை சொன்னது வேறொன்று என்று ஆகிவிடுவது உண்டு. அந்த விடையை நம் கேள்விக்கு உரியதாக எடுத்துக்கொண்டு ஒருவர்மீது பழி சுமத்திவிட்டால், அந்தப் பழியை யார் துடைப்பது? சென்ற ஆண்டு எங்கள் மாணவர் குழுவில் நேர்ந்த ஒரு சங்கடத்தையும், அது தீர்ந்த விதத்தையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கணினி படிக்காத நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே இயன்றவரை எளிமையாகவே எழுதுகிறேன்.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை எங்களுடையது. விடிந்தால் லீ பஜார் பக்கம் லாரிகளின் இரைச்சல். வெல்லம், பருப்பு, மிளகாய் என்று மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். சந்துக்குள் நுழைந்தால் வெள்ளிப் பட்டறைகளின் தட்டும் ஓசை. எங்கள் வீட்டிலும் கொலுசு வேலைதான். மண்டிக்காரரும் பட்டறைக்காரரும் பேசும் பேச்சில் புழங்கும் சொற்கள் பல அகராதியில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எங்கள் ஊர்ப் பொருள் அதில் இருப்பதில்லை. சிப்பம், தரகு, கழிவு, சேதாரம், பற்று, பேரேடு என்று தொடங்கி, மூட்டை தூக்குவோர் தமக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள் வரை தொகுத்து ஒரு பட்டியல் செய்வோமே என்று தமிழ்த்துறை மாணவர் சிலரும் கணினித்துறை மாணவர் சிலரும் சேர்ந்தோம். மாலை நேரங்களில் மண்டி மண்டியாக ஏறி இறங்கினோம். "படிக்கிற பசங்க ஏதோ எழுதறாங்க" என்று பெரியவர்கள் அன்போடு உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்கள். மூன்று மாதத்தில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. ஒரு வரிக்கு ஒரு சொல், அதன் பொருள், அது வழங்கும் தொழில் என்று சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்தோம்.

பலர் சேர்ந்து ஒரே கோப்பில் எழுதினால் குழப்பம் வருமல்லவா? அதற்காகக் 'கிட்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் மூலநிரலை உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுவதற்காக 2005ஆம் ஆண்டில் செய்த மென்பொருள் இது. மண்டிப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் முழுப் பேரேட்டின் படி ஒன்று இருக்கும். யார், எந்த நாளில், எந்த வரியைத் திருத்தினார் என்று ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிவாக ஏறும். எப்போது கேட்டாலும் பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கையாகத் தரும். நீக்கிய வரி சிவப்பில் கழித்தல் குறியோடும், சேர்த்த வரி பச்சையில் கூட்டல் குறியோடும் திரையில் வரும்.

இந்த அறிக்கையின் வேர் இன்னும் பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில், யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 'டிஃப்' என்னும் நிரல் எழுதப்பட்டது. டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹன்ட் ஆகிய இருவரும் அதன் வழிமுறையை 1976ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டனர். இரண்டு கோப்புகளிலும் மாறாமல், வரிசை குலையாமல் நிற்கும் வரிகளில் மிக நீண்ட தொடரை அது கண்டுபிடிக்கும். அந்தத் தொடரில் சேராத வரிகளை மாற்றம் என்று அறிவிக்கும். ஒரு வரியில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அந்த வரி முழுவதும் மாறியதாகவே பொருள். சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது. மனிதர் எண்ணம் அதற்குத் தெரியாது. சேமிப்பில் உள்ள எண்களை மட்டுமே அது ஒப்பிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

எங்கள் குழுவில் தமிழ்த்துறை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் இருந்தார். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தம் அண்ணனின் பழைய மடிக்கணினியில் பட்டியலைத் திருத்திக்கொண்டு வருவார். ஒரு திங்கட்கிழமை காலை, அந்த வாரத்து மாற்ற அறிக்கையைத் திறந்து பார்த்தால் திரை முழுவதும் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. 1,184 வரிகள் நீக்கம்; 1,184 வரிகள் சேர்ப்பு. எல்லாம் அந்த மாணவியின் பெயரில். பட்டியலில் இருந்ததே அவ்வளவுதான்!

எங்கள் குழுவில் அதிக உழைப்புப் போட்ட நண்பர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு போனதாகவே அவர் எண்ணிவிட்டார்.

"பாரும்மா, மெஷினே சொல்லுது. ஆயிரத்துச் சொச்சம் வரி உன் பேர்ல இருக்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டு என்னத்தையோ போட்டு வெச்சிருக்கியே!"

"இல்லீங்கண்ணா, ஆறே ஆறு சொல்லுக்குத்தான் பொருள் திருத்தினேன். வேற எதையும் நான் தொடலீங்க."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

அதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. ஆய்வகத்தில் பத்துப் பேர் முன்னிலையில் இந்தப் பேச்சு நடந்தது. மறுநாள் முதல் அவர் வரவில்லை. வகுப்பு வாசலில் பார்த்துக் கேட்டபோது, "இனிமே இந்தக் கம்ப்யூட்டர் வேலையே வேண்டாங்கண்ணா. எல்லாரும் என்னைத் தப்பு செஞ்சவ மாதிரி பார்க்கறாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒரு நிமிட வேலை. கிட் அதற்காகவே இருக்கிறது. ஆனால் ஒருவர் மனத்தில் விழுந்த அடியை அப்படித் திருப்ப முடியுமா? அறிக்கை சொல்வது என்ன என்பதை அடிவரை பார்த்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்காரரிடம் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மீண்டும் எடை போட்டு வாங்குவார்கள். எடை குறைந்தால் முதலில் எழும் ஐயம் ஆளின் மேல்தான். ஆனால் என் தந்தையார் அப்படிச் செய்ய மாட்டார். "சாமி, மொதல்ல தராசப் பாரு. கொடுத்த தராசும் வாங்கற தராசும் ஒண்ணுதானான்னு பாரு. அப்புறம் சேதாரம் எவ்வளவுன்னு பாரு. ஆளப் பத்திக் கடைசியாப் பேசலாம்" என்பார். அதே வரிசையில் நானும் போனேன்.

முதலில் அந்த மாணவியிடம் சென்று, "எப்படித் திருத்தினீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் சொன்னது இது. அவருக்குத் தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பழைய விசைப்பலகை முறைதான் கைவந்தது. அண்ணனின் கணினியில் அதற்கான பழைய எழுத்துரு இருந்தது. ஆகவே பட்டியல் முழுவதையும் ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, ஆறு சொற்களைத் திருத்தி, மீண்டும் யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்திருக்கிறார். அவர் தொட்டது ஆறு வரி. ஆனால் பட்டியல் முழுவதும் ஒரு பயணம் போய்வந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் என்ன நேர்ந்தது என்பதே கேள்வி.

எல்லா வரிகளும் மாறியதாக அறிக்கை வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது வரியின் முடிவை. கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உண்டு. பழைய தட்டச்சுப் பொறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: வண்டி இடப்பக்கம் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே ஏற வேண்டும். தந்தித் தட்டச்சுப் பொறிகளில் இவற்றுக்கு இரண்டு தனிக் குறிகள் இருந்தன. கணினிக் குறியீட்டில் வண்டி திரும்புவதற்கு எண் 13. தாள் ஏறுவதற்கு எண் 10. விண்டோஸ் இந்த இரண்டையும் சேர்த்தே வரி முடிவாக எழுதும். யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 மட்டும் எழுதும். தாள் உருளையே இல்லாத கணினியில் அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது!

ஆய்வகத்தில் எங்கள் கோப்பு லினக்ஸ் முறையில் இருந்தது. மாணவியின் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ். திரும்பி வந்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13 என்ற எண் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வரி முடிவில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ஒப்பிடு என்று கட்டளையிட கிட்டிலேயே வழி இருக்கிறது. அப்படிக் கேட்டவுடன் 1,184 என்ற எண் 307 ஆகச் சுருங்கியது. முக்கால் பங்கு 'அழிவு' அந்த நிமிடமே மறைந்தது.

ஆனால் அவர் சொன்னது ஆறுதானே? மீதி முந்நூற்றுக்கு என்ன கணக்கு? அந்த வரிகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பில் "கொலுசு", பச்சையிலும் "கொலுசு". சிவப்பில் "தோலா", பச்சையிலும் "தோலா". கண்ணுக்கு ஓர் இம்மி வேறுபாடும் இல்லை. நண்பர்களை அழைத்துக் காட்டினேன். அவர்களாலும் வேறுபாடு காண முடியவில்லை. இப்போதுதான் குற்றம் சாட்டிய நண்பரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் எண்ணைப் பார்க்க வேண்டும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. மாறியதாகக் காட்டிய வரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் இருந்தது. 'கொ' என்று எழுதும்போது ககரத்தின் முன்னே ஒற்றைக் கொம்பும் பின்னே காலும் இடுகிறோம். யூனிகோடில் இந்த ஒகரக் குறிக்கு 3018 என்று ஒரே எண் உண்டு. ஆனால் கொம்புக்கு 3014 என்றும், காலுக்கு 3006 என்றும் தனித்தனி எண்களும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலும் திரையில் தோன்றுவது அதே 'கொ'தான். இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஓகாரத்துக்கும் இப்படியே: 3019 என்ற ஒன்று, அல்லது 3015, 3006 என்ற இரண்டு. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி அச்சாக இருந்தவை. ஆகவே அந்த மாற்றி, யூனிகோடுக்குத் திரும்பும்போது அவற்றைத் தனித்தனியாகவே விட்டுவிட்டது.

சமம் என்று தரம் சொன்னாலும் கிட் அதைப் பார்ப்பதில்லை. எண் வேறு என்றால் வரி வேறு என்றே கொள்ளும். இது வெறும் அறிக்கைச் சிக்கலோடு நிற்பதும் இல்லை. எங்கள் பட்டியலில் ஒருவர் "கொலுசு" என்று தேடினால், சாதாரணத் தேடலில் ஒருவகைக் 'கொ' உள்ள வரிகள் மட்டுமே அகப்படும். மற்றவை இருந்தும் இல்லாதவையே. அறிக்கையை ஆராயப் போன இடத்தில் பட்டியலின் உண்மையான குறை ஒன்று வெளிப்பட்டது எங்களுக்கு நன்மையாயிற்று.

இரு கோப்புகளையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இதற்கு யூனிகோடு தரத்திலேயே 'இயல்பாக்கம்' என்ற வழி வகுக்கப்பட்டிருக்கிறது. பைத்தான் மொழியில் நான்கைந்து வரி நிரல் எழுதினால் போதும். பிரிந்து கிடந்த கொம்பும் காலும் சேர்ந்து ஒன்றாயின. இப்போது அறிக்கை காட்டிய மாற்றம் 12 வரிகள். 295 வரிகளில் உண்மையில் ஒன்றுமே மாறவில்லை.

பன்னிரண்டில் மூன்று வரிகளில் ஸ்ரீ என்ற எழுத்து இருந்தது. இதற்கும் இருவகை எண் தொடர் உண்டு. ஸகரத்தை (3000) முதலாக வைத்து எழுதுவது ஒன்று. 2005ஆம் ஆண்டில் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தை (2998) முதலாக வைத்து எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தெரியும். ஆனால் இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு வகுக்கவில்லை. ஆகவே இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. நாமே ஒன்றைத் தேர்ந்து சீராக்க வேண்டும். இன்னும் இரண்டு வரிகளில் 'சௌகார்' என்ற சொல். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே அச்சு. மாற்றியானது அதை ளகரமாகவே எடுத்துக்கொண்டு 'செளகார்' என்று எழுதிவிட்டது. படிப்பவர் கண்ணுக்குச் சரி; எழுத்தெண்ணிப் பார்த்தால் தவறு. இந்த இரண்டைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.

மிஞ்சியவை ஏழு. அவற்றில் ஆறு, மாணவி சொன்ன அதே ஆறு சொற்கள். அவற்றுள் ஒன்றின் தலைச்சொல்லைத் திருத்தியதால் அகரவரிசையில் அது இடம் மாறியிருந்தது. டிஃப் நிரலுக்கு இடமாற்றம் என்ற கருத்து கிடையாது. ஓரிடத்தில் நீக்கம், வேறோரிடத்தில் சேர்ப்பு என்றே அது சொல்லும். நீக்கத்தை மட்டும் பார்த்த நண்பர், "இந்தச் சொல்லையே தூக்கிட்டாங்களே" என்று முன்பு கொதித்தது இதைப் பார்த்துத்தான். இருபது வரி கீழே அந்தச் சொல் திருத்திய வடிவில் பத்திரமாக இருந்தது.

ஏழாவது வரி 'சிப்பம்' என்ற சொல்லின் பொருள். அது தாம் செய்ததில்லை என்றார் மாணவி. பதிவின் நாளையும் நேரத்தையும் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் ஊர் போகும் பேருந்தில் இருந்திருக்கிறார். அப்படியானால் அவர் பெயர் எப்படி வந்தது? கிட்டில் பதிவோடு ஏறும் பெயர், அந்தக் கணினியில் யாரோ ஒருமுறை எழுதி வைத்த பெயர். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், இன்னார்தான் உட்கார்ந்து தட்டினார் என்று அது சோதிப்பதில்லை. ஆய்வகத்தின் அந்தக் கணினியில் முதலில் வேலை செய்தவர் இந்த மாணவி. அவர் பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதில் உட்கார்ந்த மற்றொரு நண்பர் திருத்தியதும் இவர் பெயரிலேயே ஏறிவிட்டது. விசாரித்தவுடன் அந்த நண்பர், "அட, அது நான் போட்டதுப்பா. மண்டியில கேட்டுட்டு வந்து மாத்தினேன்" என்றார். அவர் போட்ட பொருளும் சரியானதே.

ஆக, 1,184 என்ற குற்றப்பத்திரிகையில் அவருடையவை ஆறு. அந்த ஆறும் நல்ல திருத்தங்கள்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்பதற்குக் கிட்டில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'பிளேம்'; தமிழில் பழி. அதற்கு முன்பு பரவலாக வழங்கிய சப்வெர்ஷன் என்னும் மென்பொருளில், இதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்', அதாவது புகழ், என்றும் ஒரு மாற்றுப்பெயர் உண்டு. பழியோ புகழோ, அது சொல்வது கடைசியாகத் தொட்டவரைப் பற்றி மட்டுமே. பட்டியலின் பழைய பகுதியிலும் இருவகைக் 'கொ' கலந்து கிடந்ததால், முழுவதையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்து நான் தனிப் பதிவாகச் சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களுக்கு நானே உரிமையாளனாக நிற்கிறேன்! வீட்டைப் பெருக்கியவனை வீடு கட்டியவன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இத்தகைய துப்புரவுப் பதிவுகளைக் கணக்கில் கொள்ளாமல் அதற்கு முன்பு எழுதியவரைக் காட்டு என்று கேட்கும் வசதி 2019ஆம் ஆண்டில் கிட்டில் சேர்ந்தது. அதைப் பயன்படுத்திப் பெயர்களை உரியவர்களிடமே சேர்த்தோம்.

தமிழ்த்துறைப் பேராசிரியரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "இது உங்களுக்குப் புதிது, எங்களுக்குப் பழையது" என்றார். அவர் எடுத்துக்காட்டியது உ. வே. சாமிநாதையரை. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பெருமகனார் அவர். ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பது அரிது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு ஏடுகள் வேறுபட்டால் அது புலவர் பாடிய வேறுபாடா, ஏடெழுதியவர் கைப்பிழையா, எழுத்து முறையால் தோன்றும் வெறும் தோற்றமா என்று ஆராய்ந்த பிறகே பாடபேதம் என்று குறிக்க முடியும். வேறுபாட்டைக் காண்பது ஒரு வேலை. வேறுபாட்டை மதிப்பிடுவது வேறொரு வேலை. முன்னதை இன்று கணினி நொடியில் செய்கிறது. பின்னது இன்றும் நம்முடையதே.

நம் கல்லூரி நூலகத்துக்குச் சென்று இந்த ஆண்டு மலரின் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்தைய மலர்களில் ணை, னை, லை, ளை ஆகியவை மேலே தும்பிக்கை போன்ற சுழியோடு நிற்கும். ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் கொக்கியோடு நிற்கும். எழுத்தின் உருவை மட்டும் பார்க்கும் ஒருவர் இரண்டு காலத்து மலர்களையும் ஒப்பிட்டால் பக்கந்தோறும் வேறுபாடு என்று எழுதித் தருவார். ஆனால் 'விடுதலை' அன்றும் விடுதலைதான், இன்றும் விடுதலைதான். கணினித் தமிழிலும் இதே கதை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியேற்றம் வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய கோப்புகளும் பழைய விரல் பழக்கமும் இன்னும் இருக்கின்றன. அவை புதிய முறையைச் சந்திக்கும் இடங்களில் இத்தகைய பொய்த்தோற்றங்கள் எழுந்துகொண்டுதான் இருக்கும்.

பிறகு எங்கள் குழுவில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். வரி முடிவு எல்லோருக்கும் ஒரே முறையில் சேமிக்கப்பட வேண்டும் என்பதைக் கோப்போடு கூடவே இருக்கும் பண்புக் கோப்பில் எழுதி வைத்தோம். அதனால் யார் எந்தக் கணினியில் எழுதினாலும் கிட் தானே சரிசெய்துகொள்ளும். பட்டியலில் சேரும் முன் ஒவ்வொரு வரியும் இயல்பாக்கம் செய்யப்படும். எழுத்து முறையைச் சீராக்கும் வேலையும் பொருளைத் திருத்தும் வேலையும் ஒரே பதிவில் கலக்கக்கூடாது. ஆய்வகக் கணினியில் உட்காருபவர் முதலில் தம் பெயரைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று: ஓர் அறிக்கையைப் பார்த்து யார்மீதும் குறை சொல்வதற்கு முன், "நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று அவரிடம் கேட்க வேண்டும். முதல் நான்கும் கணினிக்கு, ஐந்தாவது எங்களுக்கு.

அந்த ஏழு வரிகளையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, குற்றம் சாட்டிய நண்பரே தமிழ்த்துறைக்குச் சென்றார். எந்தப் பத்துப் பேர் முன் பேசினாரோ, அவர்களில் பலரையும் உடன் அழைத்துப் போனார். "ஆறுதாம்மா. நீ சொன்னது சரிதான். மனசுல வெச்சுக்காத" என்றார். மாணவி உடனே ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி வரி வரியாகப் படித்துப் பார்த்தார். பிறகு, "அண்ணா, இதுல நாலாவது சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்குதுங்க. எங்க ஊர்ச் சந்தையில அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அந்த வாரமே குழுவுக்குத் திரும்பினார். இப்போது எங்கள் பட்டியலுக்கு ராசிபுரம் பக்கத்துச் சொற்களைச் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. தமிழ்99 விசைப்பலகையும் பழகிக்கொண்டார்.

நண்பர்களே, நாளை நாம் அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் பணிக்குச் செல்வோம். அங்கெல்லாம் கணினி தரும் அறிக்கைகள் நம் மேசைக்கு வரும். இன்னார் இதை மாற்றினார், இத்தனை வேறுபாடு கண்டது என்று அவை சொல்லும். அவற்றைப் புறந்தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அறிக்கை இல்லாவிட்டால் எங்கள் பட்டியலின் குறையும் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். அது எதை எதனோடு ஒப்பிட்டது, எந்த அளவுகோலால் ஒப்பிட்டது, அதில் வந்த பெயர் எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளையாவது கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்போம். எங்கள் சொற்பட்டியல் இப்போது ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. உங்கள் ஊர்ச் சந்தையில், தறிக்கூடத்தில், பட்டறையில் வழங்கும் சொல் ஏதேனும் தெரிந்தால் மாலை வேளையில் கணினி ஆய்வகத்துக்கு வந்து சொல்லுங்கள். உங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொள்கிறோம்.